கூட்டுக் குடும்பம்: லாபம் வீட்டுக்கு, நஷ்டம் யாருக்கு?

நாலு பேர் உள்ள வீட்டில் இருவர் இருவராகச் சேர்த்து எண்ணினால் 6 உறவுகள். அதே கணக்கை 9 பேர் உள்ள வீட்டுக்குப் போட்டால் 36. ஆட்கள் கூடியது இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல்; முகம் கோண வாய்ப்புள்ள இடங்கள் கூடியது ஆறு மடங்கு. எட்டுப் பேர் இருக்கும் வீட்டுக்கு ஒரு மருமகள் வருகிறாள் என்றால், வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவரும் பழக வேண்டிய புது ஆள் ஒருத்திதான். அவளுக்கோ, புருஷனைக் கழித்தாலும் ஏழு பேர். "நாங்க எல்லாரும் அட்ஜஸ்ட் பண்ணிக்கலையா, உனக்கு மட்டும் என்ன?" என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கூட்டுக் குடும்பம் பற்றிய பேச்சு எப்போதும் இரண்டு கட்சியாகத்தான் நடக்கும். ஒரு கட்சிக்கு அது ஆலமரம், இன்னொரு கட்சிக்கு ஜெயில். ஒரே வீட்டில், ஒரே நாளில், இரண்டுமே உண்மையாக இருக்கலாம். கூட்டாக வாழ்வதன் லாபம் எல்லோருக்குமாகப் பரவிப் போகிறது. அதற்கான விலை பெரும்பாலும் ஒருவர் தலையில், மிஞ்சிப் போனால் இருவர் தலையில் விழுகிறது. லாபத்தை அனுபவிப்பவர் கண்ணுக்கு விலை தெரிவதில்லை. விலை கொடுப்பவருக்கு லாபத்தை ரசிக்க நேரமில்லை. அதனால் "நல்லதா, கெட்டதா" என்று பட்டிமன்றம் நடத்துவதைவிட, "இந்த வீட்டில் விலை கொடுத்துக்கொண்டிருப்பது யார்" என்று தேடுவது உருப்படியான வேலை.

லாபம் சின்னதல்ல. 18, 19-ஆம் நூற்றாண்டு பின்லாந்து, கனடா குடும்பப் பதிவேடுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2004-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பெண் உயிரோடு இருந்த ஒவ்வொரு 10 ஆண்டுக்கும், அவருக்குச் சுமார் 2 பேரக்குழந்தைகள் கூடுதலாக இருந்தார்கள் என்றது அது. பாட்டி இருந்தால் பிள்ளைகளின் பிள்ளைகள் தழைக்கிறார்கள். இதோடு நிறுத்திக்கொண்டால் ஆலமரக் கட்சிக்கு வெற்றி. ஆனால் ஜெர்மனியின் வடமேற்குக் கடலோரத்தில் உள்ள க்ரும்ஹோர்ன் பகுதியின் பழைய பதிவேடுகளை ஆராய்ந்த ஃபோலாண்ட், பைஸ என்ற இருவர் 2002-இல் வேறொன்றைக் காட்டினார்கள். தாய்வழிப் பாட்டி உயிரோடு இருந்தால் குழந்தை இறப்பு குறைவாக இருந்தது. தந்தைவழிப் பாட்டி இருந்தபோதோ, பிறந்த முதல் மாதத்துக்குள் நேரும் இறப்பு கூடியிருந்தது. கர்ப்பிணி மருமகள் மீது விழுந்த சுமையும் நெருக்கடியும் காரணமாக இருக்கலாம் என்று யோசிக்க இடமிருக்கிறது. பாட்டி இருந்தால் மட்டும் போதாது. பாட்டிக்கும் தாய்க்கும் நடுவே என்ன ஓடுகிறதோ அதுவும் குழந்தை வரை போய்ச் சேர்கிறது.

இன்னொரு பழங்கதையையும் இங்கேயே பார்த்துவிடலாம். "அந்தக் காலத்துல எல்லாரும் ஒண்ணாத்தானே இருந்தாங்க?" எல்லா இடத்திலும் இல்லை. இங்கிலாந்தின் பழைய குடும்பக் கணக்குகளை எண்ணிப் பார்த்த வரலாற்றாசிரியர் பீட்டர் லாஸ்லெட், 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அங்கே ஒரு வீட்டில் சராசரியாக இருந்தது 4.75 பேர்தான் என்று கண்டார். மூன்று தலைமுறை சேர்ந்து வாழ்வது வழக்கமாக இருந்த இடங்களிலும், ஆயுள் குறைவு என்பதால் அந்தக் கட்டம் பல வீடுகளில் சில ஆண்டுகளில் முடிந்துபோகும். இன்று 55 வயது மாமியாரும் 27 வயது மருமகளும் ஒரே அடுப்பில் 30 ஆண்டுகள் சமைக்க வேண்டி வரலாம். மூத்தவர் கையிலிருந்து சாவிக்கொத்து இளையவர் கைக்கு மாற, முன்பெல்லாம் சாவு ஒரு தேதி குறித்துக் கொடுத்தது. இப்போது அந்தத் தேதியை மனிதர்களே குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் யாரும் குறிப்பதில்லை. அறுபது வயதில் ஒருத்தி இன்னமும் 'சின்ன மருமகளாகவே' இருப்பது அதனால்தான்.

பணம்

எல்லோரும் சமமாகப் போடுவது நியாயம் என்று தோன்றும். மூன்று அண்ணன் தம்பிகளின் மாத வருமானம் 50, 30, 20 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பொதுச் செலவு 45. ஆளுக்கு 15 போட்டால், மூத்தவர் தன் சம்பளத்தில் 30 சதவீதம் கொடுக்கிறார், நடுவில் உள்ளவர் 50, கடைக்குட்டி 75. கடைசித் தம்பிக்குக் கையில் மிஞ்சுவது 5. அவன் மனைவி ஒரு புடவையை இரண்டு தரம் யோசித்து வாங்கும்போது, மூத்தவர் வீட்டில் புது வண்டி வந்து நிற்கும். யாரும் தப்பு செய்யவில்லை, ஆனாலும் புகைய ஆரம்பித்துவிடும்.

வருமானத்துக்கு ஏற்பப் போட்டால் ஆளுக்கு 45 சதவீதம்: 22.5, 13.5, 9. இது மேல். ஆனால் இதிலும் ஒரு ஓட்டை உண்டு. அதிகம் போடுகிறவர் "நான்தானே வீட்டை ஓட்டுறேன்" என்று ஒருநாள் சொல்வார். வாய் திறந்து சொல்லாவிட்டாலும், டிவி ரிமோட் முதல் தம்பி மகளின் கல்லூரி வரை எல்லாவற்றிலும் அது தெரியும். ஆரம்பத்திலேயே பேசி வைக்க வேண்டிய விஷயம் இது: பங்கு வருமானத்தைப் பொறுத்தது, பேச்சுரிமை தலைக்கு ஒன்று.

இன்னும் நுணுக்கமாகப் போக விரும்பினால், செலவை இரண்டாகப் பிரியுங்கள். வாடகை, ரிப்பேர், இணையம் போன்றவை ஆள் கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக மாறாதவை. அவற்றை வருமானப்படி போடலாம். மளிகை, தண்ணீர், மின்சாரம் போன்றவை தலைக்கணக்கில் ஏறுபவை. அவற்றை ஆள் எண்ணிப் போடலாம், சின்னப் பிள்ளைகளுக்கு அரை ஆள். பெற்றோரின் பங்கை எல்லாப் பிள்ளைகளும் வருமானப்படி பகிர்வது. தனியாக வாழும் பிள்ளையும் இதில் சேர்த்தி. பெற்றோரோடு இருப்பவன் மட்டும் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இது போக, திடீர் ஆஸ்பத்திரிச் செலவுக்காக மூன்று மாதப் பொதுச் செலவு அளவுக்குத் தனிக் கணக்கில் ஒரு தொகை. பங்கைப் போட்டபின் மிஞ்சுவது அவரவர் பணம். அதை எதற்குச் செலவழித்தாய் என்று கேட்கும் உரிமை யாருக்கும் கிடையாது. இந்தக் கடைசி விதி ஒன்றை மட்டும் பின்பற்றினாலே பாதிச் சண்டை வராது.

பெரிய பொருள்கள், வீட்டின் மேல் கட்டும் அறை, பெற்றோருக்குப் போட்ட பணம் எல்லாம் ஒரு நோட்டில் ஏறட்டும்: தேதி, தொகை, போட்டவர், கடனா அன்பளிப்பா. "நமக்குள்ள என்ன கணக்கு" என்பவர்தான் பத்து வருஷம் கழித்து அதிகமாகக் கணக்குக் கேட்பார். அப்பா பெயரில் உள்ள மனையில் மகன் தன் சேமிப்பைக் கொட்டி மாடி கட்டுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. கட்டியவன் உரிமையை வாய்வார்த்தை காப்பாற்றாது. பத்திரத்தில் பெயர் சேர்ப்பதா, உயில் எழுதுவதா என்பதை அஸ்திவாரத்துக்கு முன்பே, பெற்றோர் தெம்பாக இருக்கும்போதே ஒரு வக்கீலிடம் கேட்டு முடித்துவிட வேண்டும்.

அடுப்படி

ஒன்பது பேருக்குச் சமைப்பது நாலு பேருக்குச் சமைப்பதைப் போல இரண்டு மடங்கு வேலை இல்லை. நறுக்குவதும் கழுவுவதும் ஆள் கணக்கில் ஏறும். அடுப்பருகே நிற்கிற நேரம் அந்த அளவுக்கு ஏறாது. கூட்டுச் சமையலின் லாபம் இதில்தான் இருக்கிறது. அந்த லாபத்தைத் தின்று தீர்ப்பவை விதிவிலக்குகள்: தாத்தாவுக்கு உப்பு குறைவாக, குழந்தைக்குக் காரம் இல்லாமல், ஒருவர் இன்று சாப்பிடவே மாட்டார், இன்னொருவர் இரவு பத்தரைக்கு வந்து சூடாகக் கேட்பார். மூன்று விதிவிலக்குகள் வந்தால் ஒரு சமையல் மூன்று சமையலாகிவிடும். காலை ஆறு மணிக்குத் திறந்த அடுப்படி இரவு பதினொன்று வரை மூடாது, ஒருத்தி அதற்குள்ளேயே இருப்பாள்.

உப்புக்குச் சுலபமான வழி உண்டு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது சுமார் ஒரு தேக்கரண்டி. ரத்த அழுத்தம் உள்ளவருக்கென்று தனிப் பாத்திரம் ஏற்றாமல், உப்பும் காரமும் சேர்க்கும் முன்பே அவர் பங்கையும் குழந்தையின் பங்கையும் எடுத்து வைத்துவிடலாம். சமைப்பது ஒரு தடவைதான், எடுத்து வைக்கும் நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்கிறோம். சாப்பாட்டுக்கு வேளைக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்து, அதற்குப் பிறகு வருபவர் தானே சூடாக்கிச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைப்பது என்று முடிவு செய்யலாம். வீட்டின் ஆண்களுக்கும் இது பொருந்தும் என்பதைத் தனியாக எழுத வேண்டியிருப்பதே ஒரு சங்கடம்தான்.

வேலையைப் பிரிப்பதில் பலர் செய்யும் தப்பு, 'நீ நறுக்கு, நான் சமைக்கிறேன், அவள் கழுவட்டும்' என்று வேலைவாரியாகப் பிரிப்பது. நறுக்குபவர் தாமதித்தால் சமைப்பவர் காத்திருக்க வேண்டும். கடைசி வேலை யாருடையதோ அவர் தலையில் மற்றவர்களின் தாமதமும் சேர்ந்து விழும். கழுவுபவர் எப்போதும் கடைசியில் தூங்கப் போவார், அவர் எப்போதும் ஒரே ஆளாகவே இருப்பார். நாள்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். இன்று அடுப்படி இவருடையது: என்ன சமைப்பது என்று முடிவெடுப்பது முதல் மேடையைத் துடைப்பது வரை. உதவிக்கு ஒருவர். மற்றவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக் கருத்துச் சொல்லக் கூடாது. இருவர் பொறுப்பில் இருக்கும் பாத்திரத்தில் ஒன்று உப்பு இருக்காது, இல்லையென்றால் இரண்டு தடவை விழுந்திருக்கும்.

விலை கொடுப்பது யார் என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை. இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டை எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் தொங்கவிடுங்கள். நாலு பத்தி: என்ன வேலை, செய்தவர் யார், எத்தனை நிமிடம், அது செய்ய வேண்டும் என்று ஞாபகம் வைத்திருந்தவர் யார். முதல் மூன்று பத்திகளில் பெரிய அதிர்ச்சி இருக்காது. பலரும் ஏதோ செய்துகொண்டுதான் இருப்பார்கள். நாலாவது பத்தியில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். கேஸ் தீரப் போகிறது, பெரியவரின் மாத்திரை வியாழனோடு முடிகிறது, பிள்ளையின் பள்ளியில் நாளைக்குக் கையெழுத்துக் கேட்பார்கள் என்று தலையில் சுமந்துகொண்டிருப்பவர் அவர். "சொன்னா செய்யப் போறேன், நீ சொல்லலையே" என்பது உதவி மாதிரி கேட்கும். சொல்ல வேண்டிய வேலையை அவரிடமே விட்டு வைப்பதற்குத்தான் அந்தப் பேச்சு. வேலையைக் கைமாற்றும்போது ஞாபகத்தையும் சேர்த்துக் கைமாற்ற வேண்டும். கேஸ் உன் பொறுப்பு என்றால், தீரும் முன் பதிவு செய்வதும் உன் பொறுப்புத்தான்.

குளியலறை விஷயத்தில் தத்துவம் எதுவும் வேண்டாம், கூட்டல் கழித்தல் போதும். குளியலறை ஒன்றுதான், ஆளுக்கு 12 நிமிடம் என்றால் 9 பேருக்கு 108 நிமிடம். ஒன்றரை மணி நேரத்துக்குள் எல்லோரும் கிளம்ப நினைத்தால் முடியவே முடியாது. அந்த நேரத்துக்குள் வெளியே போக வேண்டியவர் 5 பேர் மட்டும் என்றால் 60 நிமிடம் போதும், மற்ற நாலு பேரும் முன்னாலோ பின்னாலோ நகர வேண்டும். பல் தேய்ப்பதையும் சவரத்தையும் வெளியே ஒரு வாஷ்பேசினுக்கு மாற்றினால் ஆளுக்கு நாலைந்து நிமிடம் மிச்சம். புதிதாகக் கட்டுபவர்கள் கழிப்பறையையும் குளியலறையையும் தனித்தனியாகக் கட்டிவிடுவது நல்லது.

மருந்துப் பெட்டி

கூட்டுக் குடும்பத்துக்கென்றே உள்ள ஓர் ஆபத்தைப் பலர் யோசிப்பதில்லை. குழந்தைக்குக் காய்ச்சல். எட்டு மணிக்கு அம்மா பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போகிறாள். குழந்தை நெற்றி இன்னும் சுடுகிறதே என்று எட்டே முக்காலுக்குப் பாட்டி ஒரு மூடி கொடுக்கிறார். அக்கறை உள்ளவர்கள் அதிகம் என்பதே இங்கே ஆபத்தாகிறது. குழந்தைகளுக்கு இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம் வேண்டும், 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் கூடாது. சளி மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும் என்பதால், வேறு பாட்டில்தானே என்று நினைத்தும் இரட்டிப்பாகிவிடும்.

இதற்குத் தீர்வு ஒரு தாளும் பேனாவும். மருந்து பாட்டிலைச் சுற்றி ரப்பர் பேண்டில் ஒரு துண்டுத்தாளைக் கட்டிவிடுங்கள். கொடுத்தவர் மணியையும் அளவையும் அதில் எழுத வேண்டும். தாளைப் பார்க்காமல் பாட்டிலைத் திறக்க முடியாத மாதிரி கட்ட வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் போடுவது பயன்படாது, பாட்டி அந்த நேரத்தில் போனைப் பார்ப்பதில்லை. பெரியவர்களின் மாத்திரைக்கு, நாள்வாரியாக அறைகள் பிரித்த ஏழு நாள் பெட்டி. வாரம் ஒருமுறை ஒரே ஆள்தான் அதை நிரப்ப வேண்டும். அறை காலியாக இருந்தால் கொடுத்தாயிற்று என்று யாரையும் கேட்காமலே தெரியும்.

மறுபக்கமும் உண்டு. முதியவரும் தவழும் குழந்தையும் ஒரே வீட்டில் இருந்தால், தலையணைக்கு அடியிலும் கைப்பையிலும் மாத்திரை வைக்கும் பழக்கம் உயிருக்கு ஆபத்து. சில வகைச் சர்க்கரை நோய் மாத்திரைகளில் ஒன்றே ஒன்றை விழுங்கினாலும் சின்னக் குழந்தையின் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். இரும்புச் சத்து மாத்திரை மிட்டாய் போலவே இருக்கும். பூட்டுள்ள பெட்டி, பெரியவர்களின் தலை உயரத்துக்கு மேல். தாத்தாவுக்கு எட்டாது என்றால், ஏழு நாள் பெட்டியிலிருந்து அன்றைய வேளையை மட்டும் எடுத்துக் கொடுக்க ஒருவர்.

தொற்று நோயும் வீட்டுக்குள் கூட்டாகத்தான் வாழும். பள்ளியிலிருந்து பேரன் கொண்டுவரும் ஃப்ளூ அவனுக்கு மூன்று நாள் இருமல், தாத்தாவுக்கு நுரையீரல் அழற்சி. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி போட முடியாது என்பதால் சுற்றியுள்ளவர்கள் போட்டுக்கொள்வதுதான் அதற்குப் பாதுகாப்பு. எத்தனை நெருக்கடியான வீடாக இருந்தாலும், தேவைப்பட்டால் ஒருவரைத் தனியே படுக்கவைக்க ஒரு மூலை எது என்று முன்பே தீர்மானித்து வைத்திருங்கள்.

தபால்காரர்

பிள்ளை வளர்ப்பில் எல்லாவற்றுக்கும் ஒருமித்த கருத்து எதிர்பார்த்தால் நடக்காது. மூன்றே மூன்று விஷயங்களைத் தேர்ந்தெடுத்து, வீட்டில் யாரும் மீறக் கூடாது என்று வைத்துக்கொள்ளலாம். உறங்கும் நேரம், திரை நேரம், அடிக்கக் கூடாது என்பவை நல்ல தொடக்கம். மீதியில் தாத்தா பாட்டி செல்லம் கொடுத்துவிட்டுப் போகட்டும். பிள்ளைக்கு ஆபத்து என்றால் பக்கத்தில் இருக்கும் யாரும் அதட்டலாம். மற்றபடி கண்டிப்பது பெற்றவர்கள் வேலை. முக்கியமாக, தாயைக் குழந்தையின் எதிரில் கண்டிக்காதீர்கள். அந்தப் பேச்சை அதிகம் உள்வாங்குவது குழந்தைதான், அடுத்த நாள் அது அவள் பேச்சைக் கேட்காது.

பேச்சு வழக்கமாகக் கெட்டுப்போவது முக்கோணத்தில். மாமியார் மகனிடம் சொல்வார்; மகன் மனைவியிடம் "அம்மா வருத்தப்படுறாங்க" என்பான்; அவள் பதில் சொல்வாள்; அவன் அதை மெருகேற்றி, அல்லது மழுங்கடித்து, திரும்பக் கொண்டு போவான். சமாதானத் தூதுவன் என்று அவன் தன்னை நினைத்துக்கொள்வான். இரண்டு பெண்களும் நேரில் பேசாமல் இருக்க அவன்தான் வசதி செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறான். "இதை அவகிட்டயே சொல்லுங்கம்மா, நான் வேணும்னா கூட உக்காந்திருக்கேன்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்க்கலாம். முதல் மாதம் இரண்டு பக்கமும் கோபம் வரும். அதன்பின் பாதிப் புகார்கள் தாமாகவே உதிர்ந்துவிடும், நேரில் சொல்லும் அளவுக்கு அவை பெரியவை அல்ல என்பது சொல்பவருக்கே தெரியும்.

தனிமைக்குப் பெரிய வீடு வேண்டியதில்லை, கதவு வேண்டும். உள்ளே தாழ்ப்பாள், வெளியே தட்டிவிட்டுப் பதில் வரும்வரை நிற்பது. தட்டிக்கொண்டே திறந்தால் அது தட்டியதில் சேராது. வாரத்தில் அரை நாளாவது ஒருவர் வீட்டில் தனியாக இருக்க மற்றவர்கள் வெளியே போய்வரலாம். வெளியே போகிற உரிமை எல்லோருக்கும் இருக்கும், வீட்டில் தனியாக இருக்கிற பாக்கியம்தான் கிடைப்பதில்லை.

இத்தனையும் செய்தும் சரிப்படவில்லை என்றால்? சண்டை முற்றிப் பிரிவதைவிட, சண்டைக்கு முன் பிரிவது மலிவு. முதல் படி ஒரே வீட்டில் தனி அடுப்பு, மின்சாரத்துக்குத் தனி மீட்டர். ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று உட்கார்ந்து பேச ஒரு தேதி. இரண்டாவது படி தனி வீடு, ஆனால் பக்கத்தில். ஜப்பானியர்கள் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியை 'சூப் ஆறாத தூரம்' என்கிறார்கள்: ஒரு வீட்டில் இறக்கியதை இன்னொரு வீட்டுக்கு நடந்து கொண்டு போனால் சூடு தணியாமல் இருக்க வேண்டும். நடையில் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம், நள்ளிரவில் நெஞ்சு வலி என்றால் ஓடி வரலாம், சண்டை போட்டால் எழுந்து தன் வீட்டுக்குப் போகலாம். மாற்றுச் சாவி ஒன்று அங்கே, ஒன்று இங்கே. அவசரத்துக்குத் தவிர மற்ற நாட்களில் அதைப் பயன்படுத்தாமல், போன் செய்துவிட்டு வந்து காலிங்பெல்லை அழுத்துவது என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.